ஒரு டாங்கி முடியும் வரை

வேலையில் இருந்த காலத்தில் ஒப்பீட்டு அறிக்கை என்ற காகிதத்தில் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. எந்தப் பொருளை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்டு வாங்கி, கட்டம் போட்டு, விலை, தரம், கொடுக்க ஆகும் நாள் என்று நிரப்பி, கீழே "மேற்கண்ட காரணங்களால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. ஆர்டர் யாருக்கு என்பது முதலில் முடிவாகிவிடும். காரணங்கள் பிறகு வந்து வரிசையில் நிற்கும்.

ஓய்வு பெற்ற பின் நான் எழுதிய ஒரே ஒப்பீட்டு அறிக்கை இரண்டு பிளாஸ்டிக் டாங்கிகளைப் பற்றியது. ஒன்று மலிவு, மற்றது உயர்தரம். இரண்டும் ஒரே ரக ராணுவ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரிகள். பெட்டியில் பாகங்களாக வரும். வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து நாமே வண்டியாக்க வேண்டும். அந்த அறிக்கையிலும் காரணங்கள் பிறகுதான் வந்தன. அதைச் சொல்வதற்கு முன் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் எனக்கு அண்ணன் முறை இல்லை. என்னைவிட ஒரு வயது சின்னவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். அந்தச் சீமையிலிருந்து யார் வந்தாலும் எங்கள் கம்பெனியில் அண்ணாச்சிதான். டூல் ரூமில் லேத்தில் உலோகம் கடையும் டர்னர். நான் தருமபுரிக்காரன், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. அதாவது மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அவர் கடைந்ததில் மட்டும் எனக்குச் சம்பளத்துக்கு வழியில்லை. மைக்ரோமீட்டரை நான் எடுப்பதற்குள் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவி, "ரெண்டு மைக்ரான் கூட இருக்கு சார்" என்பார். இருக்கும்.

கம்பெனிக்குள் என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். எனக்குப் பிரிவு உபசாரம் நடந்து மாலை போட்டு அனுப்பிய மறுநாள் காலை போனில், "என்னவே, எந்திரிச்சாச்சா?" என்றார். முப்பது வருடமாகத் தன் ஊர்ப் பேச்சின் அந்த 'வே'யை எங்கே பூட்டி வைத்திருந்தாரோ தெரியாது.

எங்களுக்கு டாங்கிப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு புஷ். கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெண்கல வளையம், அவ்வளவுதான். ஒரு சமயம் எங்கள் கம்பெனிக்கு அதில் ஒரு சோதனை ஆர்டர் வந்தது. எந்த வண்டிக்கு என்று டிராயிங்கில் போட்டிருக்கவில்லை. டாங்கிக்கு என்று கேன்டீனில் பேச்சு. அண்ணாச்சி கடைந்தார், நான் அளந்தேன், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அனுப்பினோம். அதன் பிறகு அந்த ஆர்டர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. கேட்டேன், பதில் வராது என்பதும் அந்த நடைமுறையில் அடக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

"அது வண்டியில எங்க போய் உக்காரும் சார்?" என்று அண்ணாச்சி பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். உள்விட்டம், வெளிவிட்டம், கடினத்தன்மை எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கே உட்காரும் என்பது மட்டும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெங்களூரு போனபோது ஒரு பொம்மைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் டாங்கிப் படம் போட்ட பெட்டி இருந்தது. புஷ் எங்கே என்று பார்த்துவிடலாம் என்று வாங்கினோம். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே பெட்டியைப் பிரித்துவிட்டோம். அதில் புஷ் இல்லை. எஞ்சினே இல்லை. டாங்கியின் வயிற்றில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஓட்டைகள் இருந்தன, மோட்டாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தக்காளிக் கூடைகளை விற்றுவிட்டு ராயக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், அதை எதற்கு வாங்கினீர்கள் என்று தெலுங்கில் விசாரித்தார்.

அதிலிருந்து ஞாயிறு எங்களுக்கு டாங்கி நாள். சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அண்ணாச்சி நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். மாடி அறையில் பழைய டிராயிங் மேஜை. நாங்கள் வாங்கியது எப்போதும் மலிவு ரகம்தான். சில நேரம் பெட்டிகூட இருக்காது, பாலித்தீன் பையில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுப்பார்கள். அடிப்பாகம் வாழைப்பழம் போல வளைந்திருக்கும், வெந்நீரில் முக்கி மரக்கட்டையால் அழுத்தி நிமிர்த்துவோம். மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜ் தாராளமாகப் போய்வரும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கரைத்து அந்த இடைவெளியை அடைப்போம். மருந்துக்கடையில் அந்தத் திரவத்தை மாதாமாதம் வாங்கிய இரண்டு மீசைக்காரர்களைப் பற்றிக் கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நடுவில் தையல் போட்டது போலிருக்கும். அண்ணாச்சி அதைத் தொடவே மாட்டார். சாப்பாட்டு இடைவேளையில் பித்தளைக் கம்பியில் புதுக் குழல் ஒன்று கடைந்து சட்டைப் பையில் பேனாவோடு குத்திக்கொண்டு வருவார். கேட் செக்கிங்கில் ஒருமுறை கேட்டதற்கு, பல் குத்த என்று சொல்லித் தப்பித்தார். வண்ணம், லேத் மெஷினுக்கு அடித்து மீந்த பச்சை. எங்கள் அலமாரியில் எந்த நாட்டு ராணுவமாக இருந்தாலும் அது லேத் மெஷின் நிறத்தில்தான் போருக்குப் போகும்.

உயர்தரக் கிட்டுகளும் அந்தக் கடையில் இருந்தன, மேல் தட்டில். பிறகு வந்த வருடங்களில் கடைக்காரரே எடுத்துக் காட்டுவார். நாங்கள் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு திறந்து பார்ப்போம். ஒவ்வொரு ஆணியின் தலையும் தனித்தனியாகத் தெரியும். மயிரிழை போல வெட்டிய பித்தளைத் தகடுகள். "எவன் சார் இதுக்கு அச்சு வெட்டினவன்" என்று அண்ணாச்சி வியப்பார். வாங்கியதில்லை. ஓய்வு பெற்றதும் ஒன்று வாங்குவது என்று பேச்சு இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அது பேச்சாகவே இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அண்ணாச்சியின் மனைவி போய்ச் சேர்ந்தார். தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு மாடி வீட்டில் தனி ஆளானார். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் புனேயில் இருக்கும் மகள் மறுநாளே பறந்து வந்து, இனி தனியாக விட முடியாது, கூடவே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரே மகள். அவள் சொன்னதில் நான் தேடியும் ஒரு குறை கிடைக்கவில்லை.

அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, "ஒரு டேங்கு முடிச்சிட்டு வாரேன்." மகள் யோசித்துவிட்டு, சரி, ஒன்றுதான் என்றாள்.

அன்று சாயங்காலம் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்கிள், சின்னதா, சீக்கிரம் முடியுற மாதிரி ஒண்ணு பாத்து வாங்கிக் கொடுத்துடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"ஆகட்டும்மா" என்றேன். அலுவலக மொழியில் 'ஆகட்டும்' என்பதற்கு என்ன பொருள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பெங்களூரு போனோம். இப்போது எல்லாம் போனிலேயே வாங்கலாம். பழக்கம் விடவில்லை. கடைக்காரர் இறந்து அவர் மகன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தான். சின்னப் பெட்டியில் பாகங்கள் கொஞ்சம். சக்கரங்களுக்கு மேல் ஓடும் சங்கிலிப்பட்டை ரப்பரில், முழுசாக, பெல்ட் போல இருந்தது. பெரிய பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் பாகங்கள். அதில் சங்கிலிப்பட்டை கண்ணி கண்ணியாக. ஒரு பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசி. குழல்கூட அலுமினியத்தில் கடைந்தே வந்திருந்தது.

அண்ணாச்சி அந்தக் குழலை எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான் கடைஞ்சிருக்கான்" என்று திரும்ப வைத்தார். பிறகு சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத எடுப்போம்வே. பாகம் பெருசு பெருசா இருக்கு."

சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். கடையிலேயே நின்று, வாழ்நாளில் ஒரு தடவையாவது நல்ல பொருளில் கை வைக்க வேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். உடனே வாங்காமல், முறைப்படி வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். பாகங்களின் பொருத்தம், மேற்பரப்பு, சங்கிலிப்பட்டை, குழல், விளக்கக் கையேடு. ஐந்து கட்டத்திலும் பெரிய பெட்டியே ஜெயித்தது. ஆறாவதாக ஒரு கட்டம் வழக்கமாகப் போடுவேன், முடிக்க ஆகும் காலம். அதை மட்டும் போடவில்லை. சின்னப் பெட்டி மூன்று வாரம். பெரிய பெட்டி, இரண்டு கிழவர்கள் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தால், குறைந்தது ஏழெட்டு மாதம். அதுவரை அவர் ஓசூரில்தான் இருப்பார். மேற்கண்ட காரணங்களால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி படித்துவிட்டுச் சிரித்தார். "நீரு முடிவு பண்ணிட்டீருன்னா சரி."

பெரிய பெட்டியை வாங்கி வந்து, கார்த்திகைக் குளிரில் ஆரம்பித்தோம். ஓசூர்க் குளிரில் பசை காயத் தாமதமாகும். அது எனக்கு வசதியாக இருந்தது. முதல் ஞாயிறு பாகங்களை எண்ணிச் சரிபார்ப்பதிலேயே போனது. இரண்டாவது ஞாயிறு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். மூன்றாவது ஞாயிறு கையேட்டில் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் முரண் இருப்பதைக் கண்டுபிடித்தேன். எந்த வேலையையும் விதிப்படி செய்தே நிறுத்திவைக்கலாம். அதற்கு விதி முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும். நன்றாக ஒட்டியிருந்த ஒரு சக்கரத்தைக்கூட மையம் விலகியிருக்கிறது என்று சொல்லிப் பிரித்தேன். விலகியிருக்கவில்லை.

அண்ணாச்சி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவருக்கும் போக மனமில்லை, சொல்லாமலே எனக்கு ஒத்தாசை செய்கிறார் என்று எனக்கு ஒரு கணக்கு. எமரித்தாளை வைத்துக்கொண்டு ஒரே பாகத்தை ஒரு மணி நேரம் தேய்ப்பார். கதை பேசுவார். சின்னப் பாகம் எதையாவது நீட்டினால், "நீரு ஒட்டும்வே, உமக்குத்தான் கண்ணு கூர்மை" என்பார். மதியம் சாப்பிடும்போது இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்குவார். "அண்ணாச்சி நல்லாச் சாப்பிடுறாரு" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். சொன்ன விதம் பாராட்டு மாதிரி இல்லை. நான் அப்போது பித்தளைத் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கிலிக் கண்ணிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கோத்துக்கொண்டு வருவதாக அவரே ஏற்றுக்கொண்டார். ஒரு டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப்போனார். வாராவாரம் கேட்பேன். "நடக்குவே" என்பார். நானும் அவசரப்படுத்தவில்லை. மாசி முடிந்து பங்குனி வெயில் வந்தது. மகள் போனில் கேட்கும்போதெல்லாம் சங்கிலிப்பட்டைதான் பாக்கி என்று நான் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை என் மேஜையில் மறந்துவிட்டுப் போனார். திங்கள் போனது. செவ்வாய் காலையும் அவர் கேட்கவில்லை. படிக்கும் கண்ணாடி அது. அது இல்லாமல் அரிசியில் பாதி அளவு ஊசியை இரண்டு நாளாக எப்படிக் கோக்கிறார்? வேலையில் இருந்திருந்தால் திங்கள் மதியமே இந்தக் கேள்வி எனக்கு வந்திருக்கும். கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

அவர் வீட்டுக்கு நான் அதிகம் போவதில்லை, அவர்தான் வருவார். கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். கொக்கியில் நான்கு சட்டைகள் தொங்கின. நான்கிலும் மேல் பொத்தானைத் தவிர மற்றவை போட்டபடியே இருந்தன, தலைவழியாக மாட்டிக் கழற்றுவதற்கு. சமையல் மேடையில் ஒரு பால் பாக்கெட், மூலையில் பல்லால் கடித்த தடம். அடுப்பின் மேல் பாத்திரமே இல்லை. ஓட்டலில் பார்சல் வாங்கிய சாம்பார்ப் பைகள் தொட்டியில் கிடந்தன, அவையும் கடித்துத் திறந்தவை.

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். டிபன் டப்பா பக்கத்து ஸ்டூலில் திறந்திருந்தது. நான்கு மாதத்தில் பதினொரு கண்ணி கோத்திருந்தார். மற்றதில் பாதி நசுங்கி, பசையில் அவருடைய கைரேகை பதிந்து கிடந்தது.

கண்ணாடியை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை.

"கையில என்ன?" என்றேன்.

"விரல் நுனி செத்துப்போச்சுவே. விழுந்ததுக்கு முந்தியே கொஞ்சம் இருந்துச்சு. இப்பம் எது ஒட்டிருக்கு, எது ஒட்டலங்கது தெரிய மாட்டேங்கு. புடிச்சிருக்கேனா விட்டுட்டேனாங்கது கண்ணால பாத்தாத்தான் தெரியும்."

கழுத்து எலும்பில் நரம்பு அழுந்துகிறதாம். டாக்டர் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார். மகளுக்கு முழுசாகச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லவே இல்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பெங்களூரு போவதற்கு முன்பிருந்தே என்றார்.

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேம்லா. சின்னது போதும், பாகம் பெருசா இருக்குன்னு சொன்னேன். நீரு கடையில நின்னு பிரசங்கம் பண்ணீரு. பொறவு ரிப்போர்ட் எழுதிட்டு வந்து நின்னீரு. மூஞ்சியில அம்புட்டுச் சந்தோசம். எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மட்டும் போவணும்னா இருக்கு? முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு இந்த ஊருக்கு வந்து. ஆனா பாத்ரூமுக்குள்ள போயிட்டுக் கதவத் தாப்பா போட முடியல. போட்டா தொறக்க முடியுமான்னு பயமா இருக்கு. நேத்து தொறந்து போட்டுட்டுத்தான் குளிச்சேன். ஒரு மனுசன் கூட இருக்கணும்வே."

ஒரு பொருள் குறையாக வந்தால் நாலு இடத்தில் காரணம் தேட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பொருளைப் பார், எந்திரத்தைப் பார், செய்முறையைப் பார், செய்யும் ஆளைப் பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வருடாவருடம் இதைக் கரும்பலகையில் நான்தான் எழுதிப் போடுவேன். ஆயிரம் பாகங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், எதிரில் உட்கார்ந்து எமரித்தாளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் கார்த்திகையிலேயே புனே போயிருப்பார். ஒருவேளை அதனால்தான் பார்க்கவில்லையோ என்னவோ. ஒவ்வொரு வாரமும் நான் தள்ளிப்போட்டது எதை என்று அந்தச் சட்டைகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு அவர் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். சாயங்காலம் என் மனைவி சோறு கட்டிக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அந்த மனுசனுக்கு மீன் முள்ளு எடுக்க முடியல. நாலு மாசமா நான்தான எடுத்து வச்சுட்டிருக்கேன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லையாம்.

மறுநாள் தனியாகப் பெங்களூரு போனேன். அத்திப்பள்ளியில் ஒரு மணி நேரம் வண்டிகள் நகரவில்லை. கடைக்காரன் சின்னப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "மொதலு தொட்டது தகொண்ட்ரி, ஈக சிக்கதா சார்?" என்று கேட்டான். முதலில் பெரியது வாங்கினீர்கள், இப்போது சின்னதா என்கிறான். மற்றவர்கள் எல்லாம் சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போவார்கள் போலிருக்கிறது. நாங்கள் பெரியதைப் பார்த்துவிட்டோம் என்றேன்.

அந்த மலிவு டாங்கியோடு கழித்த மூன்று ஞாயிறுகள்தான் இப்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பாகங்களைக் கழுவவில்லை, எண்ணவில்லை. சக்கரங்கள் பெரியவை, அவரே உள்ளங்கையால் அழுத்தி அச்சில் ஏற்றினார். பசையை மட்டும் நான் தொட்டு வைத்தேன். மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே பழையபடி இடைவெளி. நான் ஃபீலர் கேஜைத் தேடியபோது, "அளந்து பாத்து என்ன செய்யப் போறீரு, திருப்பியா அனுப்பப் போறீரு?" என்றார். குழலின் தையலை எமரித்தாளில் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கயிறு திரிப்பது போல உருட்டி உருட்டி முக்கால் மணி நேரத்தில் மறைத்துவிட்டார். நகத்தால் தடவிப் பார்க்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். "நீரு பாரும்." தடவிப் பார்த்தேன். தையல் இல்லை என்றேன். "நெசமாவா, என்னைத் தேத்துறதுக்கா?" என்றார். நிஜமாகவே இல்லை.

ரப்பர்ப் பட்டையின் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுட்ட ஸ்க்ரூடிரைவரால் உருக்கி இணைக்க வேண்டும். நான் முனைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் முஷ்டியில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்து அழுத்தினார். ஒரு இழுப்பு தப்பி என் விரலில் பட்டது. சூடு பட்டது எனக்கு, கத்தியது அவர். வண்ணம் அடிக்கும் தூரிகைக்குக் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தேன். லேத் மெஷின் பச்சை இப்போது எங்கே கிடைக்கிறது. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் பச்சை வாங்கினோம். அடித்துப் பார்த்தால் மோசமில்லை.

பெரிய டாங்கி அலமாரியில் கால் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அதை என்ன செய்வது என்று நானே பேச்செடுத்தேன். "அது உம்ம டேங்குல்லா. நீரு முடிச்சு, போட்டோ அனுப்பும், நான் குறை சொல்லுதேன்" என்றார்.

மூன்றாவது ஞாயிறு சாப்பிட்ட பிறகு மகள் வீடியோவில் வந்தாள். டாங்கியைப் போனுக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். "இதுதானா அந்த டேங்க்?" என்று அவள் கேட்டதில் இத்தனை மாதமாக இதுதானா என்பதும் இருந்தது. கை விஷயத்தை அதற்கு முந்தின வாரமே அவளிடம் நான் சொல்லியிருந்தேன். நீங்களுமா மறைச்சீங்க அங்கிள் என்று மட்டும் கேட்டாள்.

"முடிஞ்சுதா அங்கிள்?" என்றாள் இப்போது.

முடியவில்லை. மேல் கோபுரத்தில் ஒரு மூடி பாக்கி. தாம்பாளத்தின் ஓரத்தில் வண்ணம் அடித்துத் தயாராக இருந்தது, மறந்துபோயிருந்தோம். மூடி ஒட்ட வேண்டும், அது காய வேண்டும், பிறகு எண்கள் ஒட்ட வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இன்னும் ஒரு ஞாயிறு கேட்கலாம். விதிகளைத் தெரிந்தவன் இரண்டு ஞாயிறுகூட வாங்கிவிடுவான். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

அவள் சனிக்கிழமைக்கு டிக்கெட் போடுவதாகவும், வெள்ளிக்கிழமை தானே வந்துவிடுவதாகவும் சொன்னாள். போன் அணைந்தது.

"ரிப்போர்ட் தப்புவே" என்றார் அண்ணாச்சி. "மூடி ஒட்டலயே. இங்க கொண்டாரும்."

மூடியின் விளிம்பில் நான் பசை தொட்டேன். கோபுரத்தின் மேல் வைத்ததும் அவர் உள்ளங்கையால் மூடி அழுத்திக்கொண்டார். அந்தப் பசை பிடிக்க ஒரு நிமிடம் போதும், அவருக்கும் தெரியும். நிமிடம் எப்போதோ போய்விட்டது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் நேரம் ஆயிற்று என்று சொல்லவில்லை.